பசுமலை பிவிசி

ஐயோ கதவச் சாத்தாதீங்க மிஸ், சாத்தாதீங்க, கைய வச்சுருக்கேன். நான் எதையும் விக்க வரல. செத்துப்போன அழகுமலையோட அக்கா மக நான். அஸ்வினி. ச்சீ, சாகாத அழகுமலையோட. பாத்தீங்களா, ஒங்க மூஞ்சியப் பாத்ததும் வாய் ஒளறுது. உங்க செருப்பக் குடுக்கத்தான் வந்தேன். அன்னைக்கு எங்க வீட்டு வாசல்ல விட்டுட்டு வெறுங்காலோட போயிட்டீங்கள்ல? தொடைச்சுத்தான் கொண்டாந்திருக்கேன்.

வாங்கிக்கிட்டீங்க, சந்தோசம். இப்ப அஞ்சு நிமிசம் உள்ள வரலாமா? ஆனையூர்ல இருந்து இந்தப் பசுமலைக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். பன்னெண்டாவது படிக்கிற பிள்ள, கெமிஸ்ட்ரி டூசனுக்கு மட்டம் போட்டுட்டு வந்திருக்கேன். எங்கம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அவரு தெருவுல எல்லாம் நிக்கல மிஸ், எட்டிப் பாக்காதீங்க.

தண்ணி போதும் மிஸ். காப்பி எல்லாம் வேணாம். சரி, போட்டாக் குடிக்கிறேன். பெறகு, மொதல்ல திட்டிருங்க. அந்தப் படத்தப் போட்டது நாந்தான்.

வேணும்னு போடல. முழுசாக் கேளுங்க. மாமா என் போனப் பிடுங்கி வச்சுக்கிட்டாரு. ஏன்னா நான் மொட்டை மாடில டான்ஸ் ஆடி ஒரு ரீல்ஸ் போட்டேன். நல்லாத்தான் ஆடுனேன். பின்னாடி தண்ணித் தொட்டிகிட்ட மாமா துண்டக் கட்டிக்கிட்டு, வாயில பிரஸ்ஸ வச்சுக்கிட்டு அவரும் ஆடிக்கிட்டு இருந்தத நான் பாக்கல. ஊரே பாத்துருச்சு. விளாங்குடில அவரு பைப்புக் கடைக்கு வர்ற பிளம்பர் எல்லாம், அண்ணே ஒரு முக்கா இஞ்சு எல்போ குடுங்க, அப்படியே ஒரு ஸ்டெப்பும் போடுங்கன்னு கேட்டுருக்காய்ங்க. அன்னைக்கு சாயங்காலமே என் போனு பீரோவுக்குள்ள போயிருச்சு. பரீட்சை முடிஞ்சுதான் தருவாராம்.

எனக்குக் கோவம். பள்ளிக்கூடத்துக் குரூப்ல பாடம் பாக்கணும்னு சொல்லி அவரு போன வாங்குனேன். அதுல கடை ஆபருக்குப் படம் போடுற ஆப் ஒண்ணு வச்சுருக்காரு. அதுல கண்ணீர் அஞ்சலி டிசைன் சும்மாவே கெடக்கு. அவரு போட்டோவ வச்சேன். ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. அழகுமலைன்னு பெருசா. அதுக்குக் கீழ சின்னதா, அவர்களின் மனசாட்சி. தோற்றம், தெரியவில்லை. மறைவு, என் போனைப் பிடுங்கிய அன்று. ஆழ்ந்த வருத்தத்தில் அக்கா மகள் அஸ்வினி.

சிரிக்கிறீங்க மிஸ். இல்ல, சிரிச்சீங்க, நான் பாத்தேன்.

அத என் ஃபிரெண்டு தமிழ்வாணிக்கு மட்டும் அனுப்பிட்டு அழிச்சுரலாம்னுதான் நெனச்சேன். அனுப்புற எடத்துல மேல மை ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதுக்குக் கீழ அவ பேரு. வெரலு மேல பட்ருச்சு. பட்டது தெரியாம போனச் சார்ஜுல மாட்டிட்டு, சைலண்ட்லயும் போட்டுட்டு டூசனுக்குப் போயிட்டேன். மாமா அன்னைக்கு போன மறந்துட்டு திண்டுக்கல்லுக்குச் சரக்கெடுக்கப் போயிட்டாரு. அம்புட்டுத்தான் நடந்தது.

ஆனா நம்ம ஊர்ல யாரு மிஸ் கண்ணீர் அஞ்சலிய வாசிக்கிறா? போட்டோவும் வெளக்கும் தெரிஞ்சாப் போதும், செருப்பத் தேடிருவோம். அதுலயும் இப்பல்லாம் யாராச்சும் எறந்தா, அவுக போன்ல இருந்தே வீட்டாளுக ஸ்டேட்டஸ் போட்டுர்றாக. மாமா போன்ல மாமா படம். யாரு சந்தேகப்படுவா? நீங்களே வாசிக்கலையே மிஸ்! ஸ்கூல் ஆபீஸ்ல ஒவ்வொரு டிசியவும் எழுத்தெழுத்தாப் பாக்குறவுங்க நீங்க.

சரி சரி, உங்களச் சொல்லல.

மொதல்ல வந்தது உசிலம்பட்டிச் சொந்தம். ஒரு வேன் நெறைய. எங்கம்மா முனீஸ்வரி அப்பத்தான் மாவாட்டிக்கிட்டு இருந்துச்சு. கேட்டத் தெறந்தா பத்துப் பொம்பளைங்க ஓன்னு அழுதுக்கிட்டு வாராங்க. எங்கம்மா யாருன்னே கேக்கல மிஸ். அதுவும் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதுச்சு. அஞ்சு நிமிசம் நல்லா அழுது முடிச்சுட்டு, யாருடி போனதுன்னு கேட்டுருக்கு. ஓந்தம்பிதான்டின்னு சொன்னதும் பொத்துன்னு விழுந்துருச்சு. எழுப்பிக் கேக்கலாம்னா மாவுக் கையோட மயங்கிக் கெடக்கு. அதுக்குள்ள பிளம்பருங்க மாலையோட வந்துட்டாய்ங்க. ஒருத்தர் ஐஸ் பெட்டியே எறக்கிட்டாரு. பாடி எங்கன்னு யாரும் கேக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வந்துக்கிட்டு இருக்குன்னு யாரோ சொல்ல, எல்லாரும் அதையே சொல்லிக்கிட்டாக.

நான் டூசன் முடிஞ்சு தெரு முக்குக்கு வந்தப்ப பந்தல்கூடப் போட்டாச்சு. அப்பத்தான் நீங்க வந்தீங்க. வெள்ளச் சேலை, கையில மாலை. பொம்பளைங்க கூட்டத்துல ஓரமா உக்காந்து, வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் ஒரு தடவ வாயிலிருந்து கைய எடுத்து, அழகு, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியேன்னு சொன்னீங்க. சத்தமாக்கூடச் சொல்லல. ஆனா எல்லாரும் நிறுத்திட்டாக. ஏன்னா எங்க வீட்டுல அவர அழகுன்னு யாரும் கூப்பிடுறது கெடயாது. மலைன்னுதான் கூப்பிடுவாக.

மாமா அந்த நேரம் பாத்து ஆட்டோல பைப்பு கட்டோட வந்து எறங்குறாரு. பின்னாடி நின்ன ஆளுகிட்ட, யாருப்பா போனதுன்னு கேக்குறாரு. அந்தாளு திரும்பிப் பாக்காமலே, நம்ம அழகுமலைதான்ணே, நல்ல மனுசன்னு சொல்லிட்டு, அப்புறந்தான் திரும்புனான். ஐஸ் பெட்டிமேலயே சாஞ்சுட்டான். கூட்டமெல்லாம் மாமாவப் பாத்துக் கத்துது. மாமா கூட்டத்தப் பாக்கல மிஸ். உங்களத்தான் பாத்தாரு. பைப்புக் கட்டத் தோள்ல இருந்து எறக்கக்கூட இல்ல. நீங்க எந்திரிச்சீங்க, போயிட்டீங்க.

தெரியும் மிஸ். நான் இப்படி வேடிக்கையாச் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும். எனக்குச் சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தான் வரும். அழுதா பாதில நின்னுரும்.

அடுத்தது நான் பண்ணல. தமிழ்வாணி எங்க பக்கத்து வீடு. அவ மாடில இருந்து எல்லாத்தையும் எடுத்து, பேய் வந்துருச்சுன்னு பேரு வச்சு, காமெடி மியூசிக்கப் போட்டு விட்டுட்டா. நீங்க அழுறதப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிக் காட்டுற மாதிரி. நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாக. நான் அவ வீட்டுக்கே போயி முடியப் பிடிச்சு அழிக்க வச்சேன். சத்தியமா பிடிச்சேன், கையில நாலு முடி இருந்துச்சு. ஆனா அழிச்சா அழியுதா? வேற மூணு பேரு எடுத்துப் போட்டுருக்காய்ங்க. அதுல ஒரு பிள்ள, ஏய் இது எங்க ஸ்கூல் ஆபீஸ் தெரசா மிஸ்னு கமெண்ட் போட்டுருந்துச்சு. அத வச்சுத்தான் உங்கள கண்டுபிடிச்சேன். அதுக்குக் கீழ இருந்த கமெண்ட எல்லாம் நான் சொல்ல மாட்டேன். நீங்களும் படிச்சுருக்க மாட்டீங்கன்னு நெனச்சுக்கிறேன்.

படிச்சீங்களா? எல்லாத்தையுமா?

உங்க ஸ்கூல் வாட்ச்மேன் சொன்னாரு, மிஸ் எட்டு நாளா லீவுன்னு. இருபது வருசத்துல தொடர்ந்து ரெண்டு நாள் லீவு போட்டதில்லையாம். மாமாவ வச்சு நான் சிரிச்சது எங்க வீட்டுக்குள்ள. உங்கள வச்சு ஊரு சிரிச்சுருச்சு. மன்னிச்சுருங்க மிஸ். மன்னிக்காட்டியும் பரவால்ல, கேட்டுட்டேன்.

காப்பி நல்லாருக்கு. சுக்கு போட்டீங்களா?

எந்திரிச்சுறாதீங்க, இன்னும் வந்த விசயத்துக்கே வரல. அன்னைக்குக் கூட்டம் போனதுக்கப்புறம் மாமா போன என் கையில குடுத்து, அழிடின்னாரு. ஸ்டேட்டஸ அழிக்கிறதுக்கு முன்னாடி யார் யார் பாத்துருக்கான்னு பாத்தேன். எரநூத்திப் பன்னெண்டு பேரு. எல்லாருக்கும் மொத ஆளா, நான் போட்ட அதே நிமிசத்துல பாத்தது யாருன்னா, பசுமலை பிவிசி. நான் ஏதோ பைப்பு கம்பெனின்னு நெனச்சேன், நீங்கன்னு தெரியல. படத்துல வெள்ளை லில்லிப் பூ.

அப்புறந்தான் எனக்கு ஒண்ணொண்ணா ஞாவகம் வருது. மாமா தெனம் காலையில ஆறு மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் போடுவாரு. மல்லிகைப்பூ, மழை, யானைமலை, எதாச்சும். போட்டுட்டு அங்கயே நிப்பாரு. ஒரு நிமிசம் பாத்துட்டு, சிரிச்சுட்டு, பெறகுதான் பல்லு வெளக்கப் போவாரு. டிசம்பர் இருபத்தஞ்சுன்னா குடில் படம். ஈஸ்டர்னா பூ. எங்க வம்சத்துல ஒரு வேதக்காரவுக கெடயாது. ஏன் மாமான்னு கேட்டா, கஸ்டமர்டிம்பாரு. எந்தக் கஸ்டமர் மிஸ் விடியக்காலம் ஆறு மணிக்குப் பைப்புக் கடைக்காரன் போடுற மல்லிகைப்பூவப் பாக்குறான்?

நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சதுக்கப்புறம் பேசுனதே இல்லையா? ஒரு போன்கூட? ஒரு குட்மார்னிங்? ஆத்தாடி. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அடுத்தடுத்து உக்காந்ததோட சரியா? பதினேழு வருசம் ஸ்டேட்டசும் கண்ணுமாவே ஓட்டியிருக்கீங்க. அதுல ஸ்டேட்டஸ் இல்லாத காலத்துல என்ன பண்ணுனீங்க? பஸ் ஸ்டாண்டா. சும்மா தூரத்துலயா. எனக்கு ஒரு பையன் மெசேஜ் பாத்துட்டு அரை மணி நேரம் பதில் போடலைன்னா சோறு எறங்காது மிஸ்.

எந்தப் பையனும் இல்ல. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்ப விசயம் என்னன்னா, எட்டு நாளா பிவிசியக் காணோம். நீங்க அவரத் தூக்கிட்டீங்க. பிளாக். மாமா என்ன பண்றாரு தெரியுமா? ஆறு மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ். ஏழுக்கு ஒண்ணு. ஒரு நாள் பதினோரு ஸ்டேட்டஸ் போட்டாரு மிஸ். போட மல்லிகைப்பூ தீந்துபோயி கடைசியில கடையில விக்கிற ஒரு பால் வால்வு படத்தப் போட்டுட்டு நின்னாரு. முந்தாநேத்துல இருந்து ஒண்ணும் போடல. போன எங்கிட்ட குடுத்து, நீயே வச்சுக்க, பாடம் படிங்கிறாரு. எம்போனையும் பீரோவுல இருந்து எடுத்துக் குடுத்துட்டாரு. ரெண்டு போன வச்சுக்கிட்டு எனக்கு அழுகையா வருது.

அதவிடப் பெருசு, எங்கம்மா நேத்து, திருமங்கலத்துல ஒரு பொண்ணு இருக்கு, ஞாயித்துக்கிழமை பாத்துட்டு வருவமான்னு கேட்டுச்சு. வருசா வருசம் கேக்கும், வருசா வருசம் இவரு சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சுப் போயிருவாரு. நேத்து எந்திரிக்கல. ரசத்த ஊத்திக்கிட்டே சரின்னுட்டாரு. எங்கம்மா கரண்டியக் கீழ போட்டுருச்சு. ஞாயித்துக்கெழமைக்கு நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. பேசுங்க, வாங்க, கட்டிக்கங்கன்னு எல்லாம் சொல்ல நான் யாரு. பிளாக்க மட்டும் எடுங்க. அவரு நாளைக்கு ஆறு மணிக்கு ஒண்ணு போடுவாரு, நான் போட வைப்பேன். நீங்க பாத்தாப் போதும். பசுமலை பிவிசின்னு மேல வந்தாப் போதும், மாமா ஞாயித்துக்கிழமை வண்டியில ஏற மாட்டாரு. எப்படித் தெரியும்னா, அவரு மூஞ்சிய எனக்குத் தெரியும் அத்தை.

கோவிக்காதீங்க, மாமா வீட்டுக்காரவுகள வேற எப்படிக் கூப்புடுறது? சரி மிஸ். மிஸ்ஸே. மொறைக்காதீங்க.

அவமானமா இருக்குன்னு சொல்றீங்க. இருக்குந்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க, மறைக்க இனிமே என்ன மிஸ் இருக்கு? நாப்பதாயிரம் பேருக்குத் தெரிஞ்சாச்சு.

அவுக அக்கா ஒத்துக்க மாட்டாங்களா? அதானே. நீங்க அங்க வருவீங்கன்னு தெரியும். எங்கம்மாதான் அந்த அக்கா. அன்னைக்கு உங்க கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு மாமா உங்ககிட்ட என்ன சொன்னாரு? அக்காவுக்கு இஷ்டமில்லைன்னு மட்டுமா? முழுசாச் சொல்லலையா? எனக்கும் முந்தாநேத்துத்தான் தெரியும், எங்கப்பா சண்டையில வாய விட்டுட்டாரு. எங்கம்மா அப்ப ஏழு மாசம் மிஸ். தோட்டத்துக் கெணத்து மேட்டுல ஏறி நின்னுக்கிட்டு, அந்த வேதக்காரப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தா வயித்துப் பிள்ளையோட விழுந்துருவேன்னு சொல்லியிருக்கு. மாமா, சரிக்கா, எறங்குன்னுட்டாரு.

ஆமா. அந்த வயித்துப் பிள்ள நாந்தான்.

அதுக்கு எதுக்கு மிஸ் அழுறீங்க. நான் நல்லாத்தானே இருக்கேன், ரீல்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு. நான் கெளம்புறேன், அடுத்த பஸ்ஸ விட்டா டூசன் விடுற நேரம் தப்பிப் போயிரும். ஒங்க போன் அந்தா டிவி மேல இருக்கு, எடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். எங்கம்மாவ நெனச்சுப் பயப்படாதீங்க. அந்தக் கெணத்துல மண்ணக் கொட்டி மூடி, பிளாட் போட்டு வித்தாச்சு. இப்ப அது மேல ஒரு பியூட்டி பார்லர் இருக்கு. எங்கம்மா மாசம் ஒரு தடவ அங்க போயித்தான் புருவம் திருத்திக்கிட்டு வருது.