மேனுகாவின் முழங்கால்

— மெல்லமா வா புள்ள. வாவியக் கடக்கிற பாதைப்படகு அக்கரையில நிக்குது. ஆக்கள் நிறைஞ்சாத்தான் இஞ்சால வரும்.

— நான் மெல்லமாத்தான் வாறன். நீங்கதான் மோட்டச்சைக்கிள உருட்டிக்கொண்டு ஓடுறீங்க, தர்ஷன். ஆறு மாசத்துக்குப் புறகு எங்கட வளவுக்குள்ள கால் வச்சிட்டு, அம்மா ஊத்தின தேத்தண்ணியையும் குடிக்காமக் கிளம்பிட்டீங்க.

— உன்ட அப்பா வரமுதல் போகணும்.

— அப்பா வட்டைக்குப் போனவர். விதைச்ச வயலுக்குள்ள மழைத்தண்ணி நிக்குதாம். வெட்டிவிட்டுட்டு வரப் பொழுதுபட்டிடும்.

— சரி.

— அவர் கண்டாலும் இனி ஒண்டும் செய்யமாட்டார். அண்டைக்கு ஆஸ்பத்திரி வாட்டில அத்தனை ஆக்களுக்கு முன்னால உங்களுக்குக் கன்னத்தில அடிச்சது அவருக்கே ஒரு மாதிரித்தான். சாப்பிடக்குள்ள சில நாள் தானாச் சொல்லுவார், அந்தப் பொடியன் கையக்கூடத் தூக்கல்ல எண்டு.

— அடிக்கிற அப்பாட கையப் பிடிக்க ஏலுமா. விடு. கால் எப்பிடி இப்ப?

— மடக்கலாம். படி இறங்கக்குள்ள மட்டும் குத்துது. கொழும்பில ஒப்பரேஷன் செஞ்ச டொக்டர் நல்லாப் பொருந்திற்று எண்டு சொன்னவர். தை மாசம் ஓடத் தொடங்கலாமாம். சித்திரைக்குள்ள கபடிக் கோர்ட்டில இறங்கலாமாம். கோச் ரெண்டு தரம் கோல் எடுத்தவர். பாடிப் போக உன்னை விட்டா எனக்கு ஆளில்ல புள்ள, சுறுக்கா வா எண்டு.

— நல்லம். நீ விளையாடணும்.

— நீங்க?

— நான் என்ன?

— நான் விளையாடணும் எண்டுறீங்க. நீங்க விளையாடுறீங்களா எண்டு கேக்கிறன்.

— ஊரில பொடியன்மாரோட பின்னேரத்தில கொஞ்ச நாள் விளையாடினன். மறுகா விட்டுட்டன்.

— ஏன்?

— என்னைக் கண்டா பாடி வாற பொடியன்மார் காலத் தள்ளி வைக்கிறாங்க. பகிடிக்குத்தான். ஆனா எல்லாரும் வைக்கிறாங்க.

— இதில இருங்க, தர்ஷன். இந்தத் தோணியில. என்னால நிண்டுகொண்டு கதைக்க ஏலாது.

— தோணி ஈரம்.

— இரிக்கட்டும். நான் ஒண்டு சொல்லணும் எண்டுதான் உங்களோட இவ்வளவு தூரம் நடந்து வந்தன். அம்மாட முன்னால சொல்ல ஏலாது.

— சொல்லு.

— நான் உங்கள மன்னிச்சிட்டன்.

— சரி.

— அதுக்கும் சரியா? எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரு சரி. ஒருத்தி ராப்பகலா யோசிச்சு, மன்னிச்சிட்டன் எண்டு வந்து சொன்னா, வேற ஒண்டும் சொல்லத் தோணல்லையா?

— என்ன சொல்ல, மேனு. நல்லம் எண்டு சொல்லலாம். நல்லம்.

— உண்ணாண, உங்களோட கதைக்கிறதும் சுவரோட கதைக்கிறதும் ஒண்டுதான். முதலில இப்பிடி இரிக்கல்ல நீங்க. மாத்தறையில தோத்துப்போட்டு வந்த அண்டைக்கு, பஸ்ஸுக்குள்ள விடியவிடியக் கதைச்சீங்க. எவளோ ஒருத்திட முழங்கை பட்டு என்ட வாய் வீங்கி இரிந்திச்சு. வழியில இறங்கி ஐஸ்கிறீம் வாங்கித் தந்திட்டு, பிடிச்சிரிக்கா எண்டு கேட்டீங்க.

— ஓம்.

— ஐஸ்கிறீமக் கேக்கிறீங்களா, உங்களக் கேக்கிறீங்களா எண்டு விளங்கல்ல. வாய் திறக்க ஏலாததால தலைய ஆட்டினன். அடுத்த நாள் கெம்பஸ் முழுக்கக் கதை, கபடிக் கெப்டனுக்கு மேனுகா ஓம் எண்டிட்டாள் எண்டு.

— நான் உன்னைத்தான் கேட்டன்.

— தெரியும். அது மறுகா விளங்கிச்சு.

— மேனு, நான் இண்டைக்கு வந்தது மன்னிப்புக் கேக்க இல்ல. போய்வாறன் எண்டு சொல்ல. புதன்கிழமை ரொமேனியாவுக்குப் போறன்.

— எங்க?

— ரொமேனியா. ஒரு பெக்டரி. இறைச்சி பக்கெட் பண்ணுற இடம். ரெண்டு வருசம் எண்டு எழுதியிரிக்கு. ஆனா போனவங்க ஒருத்தரும் ரெண்டு வருசத்தில வரல்ல.

— பகிடி விடுறீங்களா? உங்கட டிகிரி?

— கடைசிச் சோதினை எழுதிட்டன். ரிசல்ட் வந்தா தங்கச்சி எடுத்து வைப்பாள்.

— அந்தக் கொழும்புக் கிளப்? வேலையும் தந்து விளையாடவும் விடுறம் எண்டவங்களே. வந்து அளவெல்லாம் எடுத்திட்டுப் போனவங்களே.

— தனோஜன எடுத்திட்டாங்க.

— தனோஜனா? அவன் உங்களிட்டப் படிச்சவன்.

— நல்லாப் பிடிப்பான். குறை சொல்ல ஏலாது. ஒரு பொம்புளப் புள்ளட காலை உடைச்சான் எண்டு விசாரணை நடந்து, தடை வந்த ஆள எடுத்தா நாளைக்கு எங்களுக்குக் கரச்சல் எண்டு மனேஜர் என்னட்டயே சொன்னவர். நல்ல மனுசன். வெளியில வந்து தோளில கை போட்டுத்தான் சொன்னவர்.

— ஒரு வருசத் தடைதானே, தர்ஷன். அது முடிஞ்சா?

— அது முடியக்குள்ள நான் கெம்பஸில இல்ல. எனக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிட்டு. என்ட தேற்றாத்தீவில இரிந்து எந்த ரீமுக்கு விளையாட?

— எனக்கு ஏன் இதெல்லாம் ஒருத்தரும் சொல்லல்ல?

— ஆர் சொல்ல? சஹ்லா சொல்லியிரிப்பாள் எண்டு நினைச்சன்.

— சஹ்லா என்னோட கதைக்கிறல்ல.

— ரெண்டு பேரும் ஒரே றூம்தானே?

— றூம் மாத்திட்டாள். விசாரணை முடிஞ்ச அடுத்த நாளே ஏறாவூரில இரிந்து அவள்ட வாப்பா வந்து பெட்டிய எடுத்திட்டுப் போனவர். ஒப்பரேஷனுக்குப் புறகு ஒரே ஒரு மெசேஜ் போட்டாள். கால் சுகமாகட்டும் எண்டு. அவ்வளவுதான்.

— என்ன பிரச்சினை உங்களுக்குள்ள?

— அக்கரையில பாதை வெளிக்கிட்டிட்டு.

— ஓம். வருது.

— தர்ஷன், நீங்க புதன்கிழமை போகக்கூடாது.

— டிக்கெட் போட்டாச்சு.

— நான் சொல்லுறதக் கேட்டுட்டு மறுகா போறதா இல்லையா எண்டு சொல்லுங்க. இடையில சரி எண்டு சொல்லக்கூடாது.

— சொல்லு புள்ள.

— அண்டைக்கு கிறவுண்டில நடந்தத முதலில சொல்லுறன். பொடியன்மாரோட விளையாடினாத்தான் பலம் வரும் எண்டு கோச்சிட்டக் கெஞ்சினது நான். அவர் ஏலாது எண்டவர். அவர் அந்தப் பக்கம் போனாப்புறகு, ஒரு பொடியன்ட கையில விசிலக் குடுத்திட்டு, வாங்க ஒரு கை பாப்பம் எண்டு உங்களக் கூப்பிட்டதும் நான். மூணாந்தரம் பாடி வரக்குள்ள நீங்க மூலையில நிண்டு பாய்ஞ்சீங்க.

— ஓம். பாய்ஞ்சன்.

— நான் விழுந்தன். எனக்கு மேல நீங்களும் இன்னும் ரெண்டு பேரும். எழும்பக்குள்ள எல்லாரும் சொல்லுறாங்க, தர்ஷன் முழங்காலப் பிடிச்சு முறுக்கிட்டான் எண்டு. நீங்க என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினீங்க.

— இதெல்லாம் தெரிஞ்சதுதானே.

— தெரியாதத இனித்தான் சொல்லப்போறன். என்ட முழங்கால் அண்டைக்குப் போகல்ல. அதுக்கு மூணு கிழமைக்கு முன்னமே போயிட்டு.

— ம்.

— சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வந்தன் எல்லோ. இஞ்ச கோயில் வெளியில விளையாட்டுப் போட்டி வச்சவங்க. பொம்புளப் புள்ளைகளிட கபடியும் இரிந்திச்சு. வெளியில ஒரு இடமும் விளையாடக்கூடாது, நாட்டு ரீமுக்கான நஷனல் பூலுக்கு ஆள் எடுக்கப்போறாங்க எண்டு கோச் சொல்லித்தான் அனுப்பினவர். நான் கேக்கல்ல. எங்கட பக்கம் பாடிப் போக ஒருத்தியும் இல்ல, சின்னப் புள்ளைகள் மேனுகாக்கா எண்டு கூப்பிடுதுகள். இறங்கினன். ஒரு கல்லுமில்ல, ஒரு ஆளுமில்ல, சும்மா திரும்பினன். உள்ளுக்குள்ள டக் எண்டு ஒரு சத்தம்.

— வீட்ட தெரியுமா?

— ஒருத்தருக்கும் தெரியாது. சுளுக்கு எண்டு சொல்லி எண்ணெய் பூசினன். கெம்பஸுக்கு வந்து ஒவ்வொரு நாளும் விடியக்காலையில துணியால இறுக்கிக் கட்டினன். கட்டிவிட்டது சஹ்லா. அவள் அழுதழுது கட்டுவாள், டொக்டரிட்டப் போ எண்டு. பூலுக்கு எடுத்தாப்புறகு போறன் எண்டு சொல்லிச் சொல்லியே மூணு கிழமையக் கடத்திட்டன். நொண்டுறது தெரியக்கூடாது எண்டுதான் உங்களோட நடந்து வரவும் இல்ல. சோதினைக்குப் படிக்கணும் எண்டு பொய் சொன்னன். நினைவிரிக்கா?

— இரிக்கு.

— ஆஸ்பத்திரியில கண் முழிக்கக்குள்ள எல்லாரும் முடிவெடுத்து முடிஞ்சு. அப்பா உங்களுக்கு அடிச்சும் முடிஞ்சு. சொல்லுவம் எண்டு வாயெடுத்தன். அப்பதான் ஸ்போர்ட்ஸ் பிரிவில இரிந்து வந்தவர் சொல்லுறார், கெம்பஸ் பிறக்டிஸில நடந்ததால ஒப்பரேஷன நாங்க பொறுப்பெடுப்பம், வெளியில நடந்திரிந்தா ஒண்டும் செய்ய ஏலாது எண்டு. அம்மா அவர்ட காலில விழப் போறா. அதக் கண்டுட்டு நான் எப்பிடிச் சொல்ல?

— விளங்குது.

— விளங்காது. விசாரணையில நான் செஞ்சது விளங்காது. மூணு பேர் மேசைக்கு அங்கால இரிந்து கேட்டாங்க, விசில் ஊதினாப்புறகும் அவர் காலை விடல்லையா எண்டு. நான் இல்லை, விட்டவர் எண்டு சொல்லியிரிக்கலாம். அதால ஒப்பரேஷன் நிண்டிருக்காது. ஓம், விடல்ல எண்டன். ஏன் சொன்னன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தில வாய் தானா ஓம் எண்டிட்டு. மறுகா அத அடிச்சு எழுத ஏலாமப் போயிட்டு.

— அழாத. பாதை கரைக்கு வந்திட்டு, பாதைக்காரரும் ஆக்களும் பாக்கிறாங்க.

— பாக்கட்டும். சஹ்லாவையும் கூப்பிட்டுக் கேட்டவங்க. அவள் தெரியாது எண்டு பொய் சொன்னாள். எனக்காகச் சொன்னாள். வெளியில வந்து, இனி என்னோட கதைக்காத எண்டிட்டுப் போனாள்.

— தம்பி, நீங்க அக்கரைக்கா? குருக்கள்மடம் போற ஆக்கள் ஏறுங்க. மழை வந்தா இண்டைக்கு இதுதான் கடைசி.

— வாறன் அண்ணன். மோட்டச்சைக்கிள முதல் ஏத்துறன்.

— இராசதுரை அண்ணன், கொஞ்சம் நில்லுங்க. நாங்க கதைச்சு முடியல்ல.

— மேனுகாவா அது? இந்தக் காலோட என்னத்துக்குப் புள்ள ஈரத்தில வந்தநீ? சரி, நான் கயிற அவிழ்க்கும் மட்டும் கதைங்க.

— தர்ஷன், கேளுங்க. நாளைக்குக் காலையில நான் கெம்பஸுக்குப் போறன். எல்லாத்தையும் எழுதிக் குடுக்கன். தடைய எடுப்பாங்க. அந்த மனேஜரிட்ட நானே போய்ச் சொல்லுறன். நீங்க புதன்கிழமை போகத் தேவல்ல.

— எழுதாத.

— ஏன்?

— எழுதினா உன்னையும் விடமாட்டாங்க. வாழ்நாளைக்குத் தடை போடுவாங்க. தையில ஓடலாம், சித்திரையில விளையாடலாம் எண்டாய். விளையாடு. ரெண்டு பேரும் வெளியில நிண்டு என்ன செய்ய?

— எனக்குக் கபடி வேணாம்.

— இப்ப அப்பிடித்தான் இரிக்கும். தை வந்தா வேணும் எண்டு இரிக்கும். எனக்குத் தெரியும்.

— ஏசுங்களன். அப்பா அடிச்ச மாதிரி நீங்களும் ஒண்டு அடிங்க. இப்பிடி ஒண்டும் சொல்லாமப் பாதையில ஏறினா நான் என்னெண்டு இஞ்ச இரிக்கிற?

— ஏச ஒண்டும் இல்ல, மேனு. சஹ்லாவோட கதை. நீயாப் போய்க் கதை. அவள் காத்துக்கொண்டுதான் இரிப்பாள்.

— அவளப் பத்திச் சொல்லுறீங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க. இதக் கேட்டாப்புறகும் உங்களுக்கு ஒண்டும் இல்லையா? நாம இனி என்ன?

— நான் போயிட்டுக் கோல் எடுக்கன் எண்டு பொய் சொல்ல விருப்பமில்ல.

— தம்பி, தண்ணி இழுக்குது. ஏறுறெண்டா ஏறுங்க. புள்ள, நீ பலகைய விட்டு அங்கால நில்லு.

— இந்தா வாறன் அண்ணன். மேனு, கைய விடு.

— ஒண்டு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அண்டைக்கு விசாரணையில, எல்லாம் உங்கட பிழைதான் எண்டு அவங்க நீட்டின கடதாசியில ஒப்பம் வச்சீங்களே. இந்த உண்மை தெரிஞ்சிரிந்தா வச்சிரிப்பீங்களா?

— தெரிஞ்சுதான் வச்சன். அண்டைக்கு நான் பாய்ஞ்சு உன்னட்ட வரமுதலே நீ விழுந்திட்டாய், என்ட கை உன்ட காலில படவே இல்ல; நீயா ஒரு நாள் சொல்லுவாய் எண்டு பாத்துப் பாத்துத்தான் ஆறு மாசமும் வராம இரிந்தன், விசா குத்தின பாஸ்போட்டப் போன கிழமைதான் டிக்கெட் போடக் கொண்டுபோய்க் குடுத்தன்.