சந்தனம் வைத்த ஜெர்மன் துவக்கு

லண்டன் இல்ஃபோர்ட்டில் ரயிலேறிய இருவர் நீளமான பையொன்றை என் காலடியில் வைத்தார்கள்.

“அண்ணை, ஜெர்மன் துவக்குக்குச் சந்தனம் வைச்சது பிழையோ?” என்றார் இளையவர்.

பெட்டியில் வேறெவருக்கும் தமிழ் விளங்கவில்லை. எல்லாருக்குமாக நான் ஒருவனே வியர்த்தேன். எழுந்தோடினால் துப்பாக்கிப் பையை மிதிக்க வேண்டிவரும்.

“உலகயுத்தச் சாமானடா! விக்கப் போற நேரத்தில மரத்தில கை வைக்கிறதே?”

“ஆயுதபூசைக்கு என்ரை மனிசி வைச்சவ. கறை போகேல்லை, சாண்ட்பேப்பர் போட்டனான்.”

“ஐயோ, அரைவாசி விலை போச்சு! வாங்கிறவன் பாக்கிற நம்பராவது எல்லாப் பாகத்திலயும் ஒண்டோ?”

“ஓம் அண்ணை.”

“மரத்தில ராணுவ முத்திரை இருந்ததே?”

“அது முத்திரையோ? ஊத்தையெண்டெல்லோ தேய்ச்சனான்!”

அண்ணை பையைப் பார்த்தார். பிறகு இளையவரைப் பார்த்தார்.

“உன்ரை நல்லகாலம், இது சுடேலாமல் குழல் அடைச்ச துவக்கு.”

எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.