சொந்த இடத்துப் புகை

வாதாமரம் வருடத்துக்கு இரண்டு முறை இலை கொட்டும். வீட்டில் அந்த மரம் இல்லாதவர்களுக்கு இது தெரியாது. முதலில் இலை சிவக்கும், பிறகு தோல் மாதிரித் தடித்துப் பொத்பொத்தென்று விழும். வேப்பஞ்சருகு போலக் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடாது. விழுந்த இடத்திலேயே கிடந்து, மழை பெய்தால் அடியில் கொசுவை வளர்க்கும். பெருக்கிக் குவித்தால் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். குப்பை வண்டிக்காரரிடம் காட்டினால், "உங்க ஒரு வூட்டுக்கே ஒரு வண்டி வேணும்மா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அதனால் கொளுத்துவேன்.

நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஏன் கொளுத்தினீர்கள் என்பது. அதற்குப் பதில் இவ்வளவுதான் மேடம். இலை இருந்தது. மற்றக் கேள்விகளுக்கும் சொல்கிறேன். ஆனால் என் வரிசையில் சொல்ல விடுங்கள்.

என் பெயர் தேவானை. இந்திரா நகரில் இருக்கும் அந்த வீடு என்னுடையது. என் கணவர் மாசிலாமணி பஸ் கண்டக்டர். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள், வேலையில் பாதிக்காலம் நெஞ்சுநோய் வார்டில். இரண்டு பேரும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்துக் கட்டிய வீடு அது. அவர் போன பிறகு கீழே நான் தனியாக இருந்தேன். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டேன். மாடிக்குப் படிக்கட்டு வெளியே, தோட்டத்துப் பக்கம். படியடியில் ஒரு கிரில் கேட் உண்டு.

ஏசுராஜும் அவர் மகள் நிஷாவும் அந்த மாடிக்குத்தான் வந்தார்கள். அவர் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. நிஷாவுக்கு தி.நகரில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு பார்க்க வந்த அன்றே, அவர் படியேறி முடித்ததும் உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை ஊதியதைக் கவனித்தேன். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. நுரையீரல் கெட்டுப்போனவர்கள் தாங்களாகவே கற்றுக்கொள்வது. விரல் நுனிகளும் உருண்டிருந்தன. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்.

நல்ல மனிதர். இதை நான் மறைக்கப்போவதில்லை. இன்ஹேலரை அவர் தப்பாக இழுத்துக்கொண்டிருந்தார், நான்தான் திருத்தினேன். கிறிஸ்துமஸுக்கு கேக் கொண்டுவந்து கொடுத்தார். சில சாயங்காலங்களில் மாடியில் பாட ஆரம்பிப்பார். பாதி வரியில் மூச்சு அறுந்துவிடும். சற்று நேரம் கழித்து அறுந்த இடத்திலிருந்தே திரும்ப எடுப்பார். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் இலையுதிர்வு வந்தது. வழக்கம்போலக் கொளுத்தினேன். நிஷா இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, புகை நேரா மேல வருது. அப்பாவால முடியல."

"ஜன்னலைச் சாத்திக்கோம்மா, கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

இரண்டாவது முறை வந்தபோது கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. சொந்த காம்பவுண்டுக்குள்ளகூட இலை, குப்பை எதையும் எரிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. பாருங்க."

நான் பார்க்கவில்லை. என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண், என் மண்ணில் நான் என்ன செய்யலாம் என்று போனில் படித்துக் காட்டுகிறாள். "உன் அப்பாவுக்குச் சுக்குத் தண்ணி வெச்சுக் குடு" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் மாநகராட்சியிலிருந்து பாலு என்றொரு ஆள் வந்தார். கூட இரண்டு பணியாளர்கள். அப்போது குவியல் எரிந்துகொண்டிருந்தது. கேட்டைத் தட்டக்கூட இல்லை. நேராகத் தோட்டத்துக்குள் வந்தார்.

"இன்னாம்மா இது? கம்ப்ளைண்ட் வந்து கீது. இப்டி கொளுத்தக் கூடாதுன்னு தெரியாதா?"

"இது என் எடம் நைனா."

"சொந்த எடமா இருந்தா இன்னா? தெருவுல கொளுத்தினாலும் தப்பு, காம்பவுண்டுல கொளுத்தினாலும் தப்பு. ரூல் அப்டித்தான் கீது."

என் குழாயைத் திறந்து, என் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றச் சொன்னார். பிறகு குவியலை பூட்ஸ் காலால் உதைத்துக் கலைத்தார். எதிர் வீட்டு ஹாஜிரா பீ பால்கனியில் நின்றிருந்தாள். தெருவில் போன இரண்டு மூன்று பேர் கேட்டருகே நின்று பார்த்தார்கள். அபராதச் சீட்டை என் கையில் கொடுத்து, "இன்னொரு வாட்டி ஆனா கேஸ் ஆய்டும்மா" என்றார்.

நீங்கள் நினைப்பீர்கள், இதற்கா என்று. நான் பிறந்தது அடையாற்றுக் கரையில், மேடம். குடிசை. என் அம்மா முத்தம்மா வாசலில் மூன்று கல் வைத்து விறகடுப்பில் சமைப்பாள். குடிசைகளைப் பிரிக்க ஆட்கள் வந்த அன்று உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. "சார், சோறு வெந்துடட்டும் சார், பொண்ணு பசியில கீறா" என்று அம்மா கும்பிட்டாள். வந்தவர்களில் ஒருவன், "இது இன்னா உங்கப்பன் வூட்டு எடமா?" என்று கேட்டு அடுப்பைக் காலால் எட்டி உதைத்தான். கஞ்சி மண்ணில் ஓடியது. அம்மா மேல் எனக்கு வந்த கோபம்தான் பெரிது. ஏன் கும்பிட்டாள்? எங்கள் இடம் இல்லாததால்தானே கும்பிட்டாள்? அதன் பிறகு என் வாழ்க்கை முழுவதும் நான் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான்: ஒருவனும் காலால் உதைக்க முடியாத ஒரு இடம்.

பாலு போன பிறகு ஈரச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கும்பிடவில்லை. அதில் எனக்குத் திருப்தி.

சாயங்காலம் ஏசுராஜ் படியிறங்கி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

"சிஸ்டர், பொண்ணு மேல கோவப்படாதீங்க. என் மேல இருக்கற பாசத்துல பண்ணிட்டா. எனக்காகத்தான பண்ணா, அதனால தப்பு என் மேலதான்."

தப்பு தன் மேல் என்று அவரே சொன்னார். நான் சொல்லவில்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். அசோக் நகரில் ஒரு தரைத்தள வீடு பார்த்திருப்பதாகவும், அடுத்த மாதம் காலி செய்துவிடுவதாகவும் சொன்னார். "உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் படி இல்ல" என்று சிரித்தார்.

நிஷா அலுவலகத்திலிருந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். அதற்கப்புறம் நான் கொளுத்துவதை நிறுத்திவிட்டேன். தெருவே அதைப் பார்த்தது. ஹாஜிரா பீகூட, "நல்ல வேலை செஞ்சீங்க தேவானை, எதுக்கு வீண் வம்பு" என்றாள். நான் அடங்கிப்போய்விட்டதாக எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அவர்கள்தான் போகப்போகிறார்களே, விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர்கள் பாட்டுக்கு லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என் தோட்டத்தில் நான் நெருப்பு வைக்கக் கூடாது என்பது மட்டும் என்னோடு தங்கிவிடும். ஒரு வாடகைக்காரர் தன் மூச்சை வைத்து என் மண்ணுக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போகிறார். அது சரியா? அந்த மூச்சு இருப்பதால்தானே அந்தச் சட்டம்?

இலையைத் தினமும் பெருக்கிக் கோணிப்பையில் கட்டி மரத்தடியில் வைத்தேன். அவ்வப்போது தண்ணீர் தெளித்தேன். காய்ந்த இலை தீயாக எரியும், ஈர இலை புகையும். கடைசி நாட்களில் மாசிலாமணி படுத்திருந்த ஃபோம் மெத்தை தோட்டத்து ஷெட்டில் கிடந்தது. அதைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி வைத்தேன். தீ விபத்தில் சிக்கியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இருக்காது. மெத்தை, சோபா எரிந்த புகைதான் ஆளை முடித்திருக்கும். கிரில் கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டும் வாங்கினேன். தெருநாய் மேலே ஏறிவிடுகிறது என்று நிஷாவிடம் சொன்னேன். அவளுக்கும் ஒரு சாவி கொடுத்தேன். அதை அவள் தன் கைப்பையில்தான் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து பிற்பகல் வரை மின்தடை என்று பேப்பரில் வந்திருந்தது. அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது நிஷா என் வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு கரண்ட் இருக்காதாம். மருந்து ஆவி பிடிக்கிற மெஷின் ஓடாது. அப்பாவை அப்பப்ப கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன்.

மின்விசிறி இல்லாததால் மாடியில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. நண்பகல் தாண்டினால் கடற்காற்று உள்ளே வரும், பெசன்ட் நகர்ப் பக்கமிருந்து. என் தோட்டத்தில் அது மரத்தைத் தொட்டுவிட்டு நேராகப் படிக்கட்டுக்குத்தான் போகும். இத்தனை வருடம் அந்த வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா. காற்று திரும்பும்வரை காத்திருந்தேன். கிரில்லைப் பூட்டினேன். அடியில் மெத்தைத் துண்டுகள், மேலே ஈர இலை. பற்றவைத்துவிட்டு மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

புகை கறுப்பாக எழுந்தது. மேலே இருமல் கேட்டது. ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. பழைய மரஜன்னல்கள், சாத்தினாலும் இடுக்கு இருக்கும். பிறகு கதவு திறந்தது. அவர் படியிறங்கினார். இந்த முறை நின்று நின்று இல்லை.

கிரில்லைப் பிடித்து ஆட்டினார். "சிஸ்டர்," என்றார். "சாவி."

மூச்சுத் திணறுகிறவர்களால் கத்த முடியாது. பலருக்கு இது தெரியாது. கத்துவதற்கும் காற்று வேண்டும். போனை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் கிரில்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்தார். கம்பி வழியாகக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். முன்னால குனிஞ்சுக்குங்க. உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. மெதுவா."

நான் சொன்னபடியே செய்தார். வார்டில் எல்லோரும் அப்படித்தான், நர்ஸ் சொன்னால் கேட்பார்கள். நடுவில் ஒருமுறை என் இடுப்பைப் பார்த்தார். சாவி புடவைக் கொசுவத்தில் செருகியிருந்தது, நுனி வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு அவர் சாவி கேட்கவில்லை. கையை மட்டும் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் குவியலில் தண்ணீர் ஊற்றினேன். ஆம்புலன்சுக்கு நான்தான் போன் செய்தேன். நிஷா ஆட்டோவில் வந்து இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்களாவது கூட இருந்தீங்களே ஆன்ட்டி." அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சர்ச்சில் அடக்கப் பூசையன்று என்னை முன்வரிசையில், அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள்.

அப்பாவின் கடைசி நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஹாஜிரா பீ வீட்டுக் கேமரா கரண்ட் இல்லாவிட்டாலும் இன்வர்ட்டரில் ஓடும், என் தோட்டம் வரைக்கும் பார்க்கும் என்று நான் யோசிக்கவில்லை. அது மட்டும்தான் நான் யோசிக்காதது. அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு நிஷா என்னிடம் வந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

"ஆமாம்."

அப்படியே அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

நான் எதையும் மறுக்கவில்லை. அபராதம், கேஸ், ஜெயில், எது வேண்டுமானாலும் போடுங்கள். என் மண்ணில் நான் நெருப்பு வைத்தது தப்பு என்று மட்டும் என் வாயிலிருந்து வராது. ஆனால் உங்கள் ரைட்டர் சற்றுமுன் படித்துக் காட்டினாரே, அதில் ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டும். குப்பையை எரிக்கும்போது அஜாக்கிரதையாக இருந்து மரணம் விளைவித்ததாக எழுதியிருக்கிறார். வயதானவள் என்று இரக்கப்பட்டு எழுதியிருக்கலாம். எனக்கு அது வேண்டாம். இத்தனை வருட சர்வீஸில் என் மேல் அஜாக்கிரதை என்று ஒரு மெமோ கிடையாது. கேஸ் ஷீட்டில் ஒரு அடித்தல் கிடையாது.

தெரிந்தே பூட்டினேன். காற்றுக்குக் காத்திருந்து பற்றவைத்தேன். அவர் நாடி நின்றதை உறுதிசெய்த பிறகுதான் கையை விட்டேன், அதற்கும் பிறகுதான் பூட்டைத் திறந்தேன். அப்படியே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.