பதினான்கு அடி மரியாதை

விழாவின் தலைவரும் இந்த மண்டபத்தின் உரிமையாளரும், என்னைப் பேச அழைத்துவிட்டு இன்னும் கால்மணி நேரத்தில் அதற்காக வருந்தப்போகிறவருமான அண்ணன் துரைராசு அவர்களே! முன்னே பேசி முடித்த மகிழ்ச்சியில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் மேடைச் சான்றோர்களே! தாளடி அறுப்பை முடித்து, வைக்கோலைக் கட்டி ஏற்றிவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் மட்டையும் கையுமாக அமர்ந்திருக்கும் பதினோரு பெண்பிள்ளைகளே! எல்லோருக்கும் மேலாக, இந்த விழாவின் நாயகி, வீராங்கனை செம்மொழி அவர்களே! உங்கள் அனைவருக்கும் உரக்கடை வைரக்கண்ணுவின் உளமார்ந்த வணக்கம்!

இதே மேடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மணமக்களை வாழ்த்திக்கொண்டிருப்பவன் நான். இன்று மணமகன் இல்லை, மணமகள் இல்லை, ஆனாலும் மண்டபம் நிறைந்திருக்கிறது. காரணம் என்ன? இன்று அஷ்டமி! ஆம் ஐயா, முகூர்த்தம் இருந்திருந்தால் மண்டபம் கிடைத்திருக்குமா? மண்டபம் கிடைக்காவிட்டால் மாலை விழுந்திருக்குமா? நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவளைப் பாராட்ட நாம் பொறுக்கி எடுத்த நாள், நம் வீட்டு நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கக்கூடத் தயங்குகிற நாள்!

வாசலில் ஃப்ளெக்ஸைப் பார்த்தீர்களா? அறுபது அடி அகலம். அதில் கும்பிட்டபடி முப்பத்தாறு முகம். செம்மொழியின் முகம் எங்கே? தேடுங்கள், கிடைக்கும். வலது மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே. நடுவில் ஒரு வாசகம்: ‘உலகை வென்ற உத்தமியே!’ அவள் உலகை எப்போது வென்றாள்? மகளிர் அணிகளுக்கான உலக இறகுப்பந்துப் போட்டி சித்திரையில்தான் நடக்கப்போகிறது. அதில் நுழைய ஆசிய நாடுகளுக்குள் நடந்த தகுதிச்சுற்றில் நம் அணி தேறியிருக்கிறது. அதுவே பெரிய காரியம். அதைச் சொன்னால் நமக்குப் போதவில்லை. என்னங்க? ‘எழுதின அறிவாளி யாரு?’ என்று கேட்கிறீர்களா? நான்தான் ஐயா. ஆனால் படத்தில் அவள் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தது சத்தியமாக நான் இல்லை.

இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம். நம் காவிரிக் காற்றில், வெட்டவெளியில் அடித்தால் அது எதிராளியிடம் போகாது, எதிர்வீட்டு மாடிக்குத்தான் போகும். காற்று புகாத, கூரை உயர்ந்த கட்டடம் வேண்டும். நெல் கிடங்காக இருந்து மண்டபமாக மாறிய இந்தக் கட்டடத்துக்கு முப்பது அடி உயரம். இதைக் கூட்டிப் பெருக்குகிறவர் செம்மொழியின் தாயார் அம்சம் அக்கா. விளையாட்டு ஆசிரியை மலர்க்கொடி டீச்சர் தரையில் வெள்ளைக் கோடு போட்டார். முகூர்த்தம் இல்லாத நாளில் ஆடிக்கொள்ளலாம் என்று அண்ணன் துரைராசு பெரிய மனது பண்ணி அனுமதி தந்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஊரே நல்ல நாள் தேடிக் காலண்டரைப் புரட்டியது, அவள் கெட்ட நாள் தேடிப் புரட்டினாள்! அஷ்டமி வந்தால் ஆட்டம்! நவமி வந்தால் ஆட்டம்! கரிநாள் வந்தால் காலையிலிருந்தே ஆட்டம்! ஆடி முழுக்க ஆட்டம், மார்கழி முழுக்க ஆட்டம்! தை வந்ததும் கோட்டின் மேல் ஜமக்காளம் விழும், அவள் மட்டை உறைக்குள் போகும். எதிரிநாட்டுப் பிள்ளைகள் ஆண்டெல்லாம் பயின்றார்கள். நம் பிள்ளை நமக்கு ஆகாத நாளில் மட்டும் பயின்றாள்.

அப்போது நாம் என்ன செய்தோம்? என் பங்கை நானே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கல்யாணம் முடிந்து நான் வாழ்த்திக்கொண்டிருக்கிறேன். கூட்டம் கலைந்தால் கொஞ்சம் ஆடலாம் என்று கதவருகே இந்தப் பிள்ளை மட்டையோடு வந்து, “மாமா, இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?” என்று கேட்டது. எனக்கு வந்ததே கோபம்! “கல்யாண வீட்டுல உனக்கென்ன வேலை? வெளியே போ!” என்று மைக்கிலேயே விரட்டினேன். விரட்டிய வேகத்தில் இன்னும் முக்கால்மணி பேசினேன். அந்த மணமக்கள் இன்றுவரை என் கடை வாசலை மிதிப்பதில்லை. செம்மொழி மட்டும்தான் இன்றும் மாமா என்று கூப்பிடுகிறது. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

போன வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இங்கே பட்டுக்கோட்டை மாப்பிள்ளைக்குக் கல்யாணம். அங்கே கடல் கடந்த ஊரில் காலிறுதி. வென்றால் உலகப் போட்டிக்கு இடம், தோற்றால் ஊருக்கு விமானம். மொத்தம் ஐந்து ஆட்டம், மூன்றை வெல்கிற அணிக்கு வெற்றி. நமக்கு இரண்டு, அவர்களுக்கு இரண்டு. மிச்சம் இருப்பது ஒரே ஆட்டம். அதை ஆட எழுந்தவள் யார்? முந்தைய ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவள், நம் செம்மொழி!

மணமேடையில் மந்திரம், மண்டபத்தில் முந்நூறு செல்போன்! கையில் அட்சதை, கண்ணெல்லாம் பந்து! கடைசி செட்டில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஐயையோ, போச்சே!” பெண்ணைப் பெற்றவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! போனது ஒரு புள்ளி. இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. அடுத்து ஒன்று எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். அதுவரை தாலி மாப்பிள்ளை கையிலேயே இருந்தது, அவரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்! மூன்றாவதையும் எடுத்ததும், “ஜெயிச்சாச்சு!” என்று மண்டபம் அலறியது. யாரும் சைகை காட்டாமலே தவில்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை பதறிப்போய் ஒரே மூச்சில் மூன்று முடிச்சும் போட்டார்.

அன்று சாயங்காலமே அண்ணன் தலைமையில் மண்டப நிர்வாகக் குழு கூடியது. இவளுக்கு மரியாதை செய்ய ஒரு தீர்மானம் போட்டது. இனி இந்த மண்டபத்துக்குப் பெயர், ‘செம்மொழி அரங்கம்’! கைதட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். போதும், மீதியையும் கேளுங்கள். அரங்கத்துக்கு ஏசி. ஏசி போட்டால் இவ்வளவு உயரம் ஆகாதாம். ஆகவே ஃபால்ஸ் சீலிங், கூரைக்குக் கீழே இன்னொரு பொய்க்கூரை. எத்தனை அடியில்? பதினான்கு அடியில்! திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

பதினான்கு அடியில் கூரை போட்டால், இவள் உயர்த்தி அடிக்கிற பந்து எங்கே போகும்? கூரையில் முட்டி இவள் தலையிலேயே விழும்! செம்மொழி ஆட முடியாத இடத்துக்குச் செம்மொழி என்று பெயரா? பேரை வாசலில் ஏற்றிவிட்டுப் பெண்ணை வாசலுக்கு வெளியே அனுப்புவதா? தேசிய முகாம் பங்குனிக் கடைசியில்தான். அதுவரை உலகப் போட்டிக்கு இவள் தயாராக வேறு இடம் எது? இவளைப் பார்த்து இங்கே ஆட வந்த இந்தப் பதினோரு பிள்ளைகள் எங்கே போவார்கள்? இதற்குப் பெயர் மரியாதை என்றால், அவமரியாதையை எப்படி ஐயா செய்வீர்கள்?

நேற்று அவளிடம் கேட்டேன், “ஊரு உனக்கு என்னம்மா செய்யணும்?” என்று. “ஒண்ணும் செய்ய வேணாங்க மாமா. மேல கூரையில கைய வைக்காம இருந்தாப் போதுங்க” என்றாள்.

அண்ணன் ஏதோ சொல்கிறார். “சாமான்லாம் வந்து எறங்கிடுச்சு வைரக்கண்ணு” என்கிறார். இறங்கட்டும் அண்ணே! சாப்பாட்டுக் கூடத்தில் போடுங்கள். இலையைப் பார்த்துக் குனிந்தவன் எவன் கூரையைப் பார்க்கிறான்? என்ன அண்ணே? “பார்க்கலாம்” என்கிறார். எத்தனை கல்யாணம் பார்த்தவன் நான்! இந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குத் தெரியாதா? பெண் பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டுச் சொல்கிற ‘பார்க்கலாம்’ அல்லவா இது!

சரி, திங்கட்கிழமை காலையில் ஆசாரி வந்து நிற்பார். கதவைத் திறக்க வேண்டியவர் யார்? அம்சம் அக்கா, எங்கே இருக்கிறீர்கள்? தூணோரம் நிற்காமல் முன்னே வாருங்கள். சாவிக்கொத்து உங்கள் இடுப்பில்தானே? நான் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை பார்த்து அது எங்கேயாவது தொலைந்துபோனால் யார் என்ன செய்ய முடியும்?

சிரிக்காதீர்கள், அக்கா ஏதோ சொல்கிறார். அந்தக் கார்ட்லெஸ் மைக்கை அவர் கையில் கொடுங்கள்.

“தொலைக்கல்லாம் மாட்டேங்க. இருவது வருசத்துல ஒரு சாவி தொலைச்சதில்ல. எங்கிட்டதான் இருக்கும். குடுக்க மாட்டேன்.”

கேட்டீர்களா? நான் சுற்றி வளைத்துப் பேசினேன், அக்கா நேராகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வேலை போகலாம் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். அண்ணன் இப்போது என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்க்கிறார். அக்காவும் கண்ணை எடுக்கவில்லை. பதினோரு பிள்ளைகளும் எழுந்து அக்கா பக்கத்தில் போய் நிற்கிறார்கள். தாய்மார்களே, நீங்களும் எழுந்துவிட்டீர்களா? நல்லது, உட்காராதீர்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்தும் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். நான் இறங்கிக்கொள்கிறேன். அந்த மைக் அக்காவிடமே இருக்கட்டும். அண்ணே, நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இனி அவருக்குத்தான்.