சாலையைப் பார்க்கவும்

பெயரும் விலாசமும் முன்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு. தொழில், கார்களுக்கு மின்வேலை. பட்டறையின் முன்பாதியில் என் கணவர் டிங்கரிங் பார்க்கிறார், பின்பாதியில் பதினான்கு வருடமாக நான் வயரையும் லேப்டாப்பையும் கட்டிக்கொண்டு அழுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆய்வாளர் ஐயா கேட்டதற்கிணங்க நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மீது புகார் கொடுத்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அறுபத்தொரு வயது. இந்த ஊரில் பாதிப் பேர் லைசென்ஸ் வைத்திருப்பது அவர் புண்ணியத்தில்தான். எனக்கும் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன், இதிலும் அப்படியே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

சார் நான்கு மாதத்துக்கு முன் சொந்த உபயோகத்துக்குப் புதுக் கார் ஒன்று வாங்கினார். அதில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கேமரா இருக்கிறது. அது சாலையைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கிறது. கண் சாலையை விட்டு விலகினால் மணி அடித்து, மீட்டருக்கு நடுவில் ‘சாலையைப் பார்க்கவும்’ என்று எழுத்து வரும். போன மாதம் மூன்றாம் தேதி காலையில் சார் அந்த வண்டியோடு வந்தார். அவர் ஒழுங்காக ஓட்டும்போதே மணி அடிப்பதாகச் சொன்னார். “முப்பத்தஞ்சு வருஷமா ஊருக்கே சொல்லிக் குடுத்தேன்மா. இப்போ இது எனக்குப் பாடம் எடுக்குது” என்றார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு லேப்டாப்பை மாட்டிப் பார்த்ததில் கோளாறு எதுவும் காட்டவில்லை. லென்ஸைத் துடைத்து, பழைய பதிவுகளை அழித்துவிட்டு, நானே பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டினேன், சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நான்காம் நாள் சார் திரும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியின் பளபளப்பாக இருக்கும் என்று கண்ணாடியை மாற்றச் சொன்னேன், மாற்றினார், அப்படியும் அடித்தது. அதன் பிறகு கம்பெனியிலிருந்து புதுக் கேமரா வரவழைத்து மாட்டினேன். அதுவும் அடித்தது. ஒருநாள் சாரே பொறுக்க முடியாமல் கேமரா மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார், அதற்கு வண்டி ‘கேமரா மறைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி வழியெல்லாம் அடித்து மானத்தை வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டினால் மட்டும் வண்டி பரம சாதுவாக வரும். பட்டறைக்காரர்களுக்கு இதைவிட எரிச்சலான சங்கதி கிடையாது.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி, அதாவது இன்று, காலை பத்தரை மணிக்கு சார் வந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் மூன்று மாதக் குழந்தையையும் நாளை விடிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விடப்போவதாகவும், இருநூற்றெண்பது கிலோமீட்டர் இந்த மணியைக் கேட்டுக்கொண்டு ஓட்ட முடியாது என்றும், வயரைப் பிடுங்கியாவது நிறுத்து என்றும் சொன்னார். பிடுங்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு கோளாறு என்னை ஏய்த்துவிட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது. அதனால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம், இந்தத் தடவை நீங்கள் ஓட்டுங்கள் சார், நான் லேப்டாப்போடு பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். வாடிக்கையாளர் வண்டியைப் பட்டறை ஆள்தான் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தால் நாற்பது நாள் வீணாய்ப் போனது.

சார் அழகாக ஓட்டினார். பெரிய சாலையில் ஐம்பதில் போய்க்கொண்டிருந்தபோது நான் வண்டி பழகிய காலத்துக் கூத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தார். “அன்னைக்கு ரிவர்ஸ் எடுக்கறேன்னு நீ நேரா போய்” என்றதோடு பேச்சு நின்றது. மணி அடித்தது. நான் லேப்டாப்பைப் பார்த்தேன், பார்வை சாலையில் இல்லை என்று காட்டியது. அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. ஆனால் இடப்பக்கம் மேலே எங்கோ குத்திட்டு நின்றது. உதடு எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. கை ஸ்டியரிங்கில் இருந்தது, ஆள் அங்கே இல்லை. நான் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துக்கொண்டேன். லேப்டாப் கணக்குப்படி ஏழு விநாடி. அதன் பிறகு சார் கண்ணைச் சிமிட்டிவிட்டு, “தூணை இடிச்சியே, மறந்துட்டியா?” என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார். முடித்துவிட்டு, “பாத்தியா, சும்மா சும்மா அடிக்குது” என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயம் என்று மட்டும் எழுத வேண்டாம் ஐயா. ஆயிரம் வண்டியைப் பிரித்துப் போட்டவள் நான், எந்த மிஷினையும் பார்த்து வாயைப் பிளந்ததில்லை. வீட்டார் பார்க்காததை, கூட உட்கார்ந்தவர்கள் பார்க்காததை, அந்த மனிதருக்கே தெரியாததை ஒரு பொத்தான் நாற்பது நாளாகப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. நானோ அதைப் பொய்க்காரன் என்று கழற்றி எறிந்தேன். அதற்குப் பதிலாக மாட்டியதும் அதே உண்மையைத்தான் சொன்னது. கும்பிடலாம்போல இருந்தது எனக்கு, வெட்கமாகவும் இருந்தது.

அதன் பிறகு டீ குடிக்கலாம் என்று சொல்லி ஓரங்கட்டச் செய்து, நான் ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். வந்ததும் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு, பார்த்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வண்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னேன். சாருக்குக் கோபம் தலைக்கேறியது. “எங்கிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவ, எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றியா?” என்றார். சாவியைத் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றார். “தாராளமா போங்க சார், ஆனா ஆட்டோல போங்க” என்றேன். நான் அப்படிப் பேசியது உண்மை. சாவியைத் தர மறுத்ததும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

சார் ஆட்டோவிலேயே இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தார், என்னையும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் மகளுக்கு நானே போன் செய்தேன், மகளும் குழந்தையோடு வந்தார். நான் சொன்னதை சாரும் நம்பவில்லை, ஆய்வாளர் ஐயாவும் அவ்வளவாக நம்பவில்லை. அப்போது சார் தன் கைப்பட எழுதிக் கொடுத்த புகாரை ஐயா உரக்கப் படித்தார், நடுவில் நிறுத்தி, தாளை மேசை மேல் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். நான்காம் வரியில் ‘என் வாகன’ என்ற எழுத்துக்குப் பிறகு பேனா கோடாகக் கீழே இழுத்துக்கொண்டே தாளின் ஓரம்வரை போயிருந்தது. அடுத்து அதே வரியிலேயே ‘த்தை’ என்று முத்து முத்தான கையெழுத்தில் தொடர்ந்திருந்தது. சார் குனிந்து பார்த்துவிட்டு, “இத யாரு கிறுக்குனது?” என்றார். அந்தக் கேள்வியைக் கேட்ட குரல் என் காதை விட்டுப் போகாது.

கொஞ்ச நேரம் கழித்து சார் பெஞ்சில் உட்கார்ந்து, எத்தனை தடவை என்று கேட்டார். நான் பதிவை அழித்த நாளிலிருந்து இருபத்துமூன்று என்றேன். மகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எழுந்து, தகப்பனார் கையைப் பிடித்தார். சாவியை ஐயா முன்னிலையில் மகளிடம் ஒப்படைத்தேன். வாசல்வரை போன சார் என்னிடம் மட்டும் திரும்பி வந்து, “குழந்தை வண்டில இருந்தப்போ அடிச்சுதாம்மா?” என்று கேட்டார். அதையெல்லாம் வண்டி எழுதி வைக்காது சார் என்றேன்.

வண்டி எழுதி வைத்திருக்கிறது. மகளும் குழந்தையும் உட்காரும் பின்சீட்டில் பெல்ட் போட்டிருந்த நேரத்தில் மட்டும் ஒன்பது தடவை.

அந்த ஒரு பதிலைத் தவிர நான் இன்று சொன்னதும் மேலே எழுதியிருப்பதும் அத்தனையும் சத்தியம். எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. சார் நகல் கேட்டால் கடைசிப் பத்திகளை விட்டுவிட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)