குனியாத பிள்ளை

"படுங்கோ! குனி! தலையைக் குனி!"

யார் கத்தினார்களோ தெரியாது. ஷெல் வருகிறது. முதலில் விசில் போல ஓர் இழுப்பு. பிறகு ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு மண். 1995. மழைக்காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறும் பாதை. முழங்கால் வரை சேறு. என் மகன் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். பின்னால் நான், மருமகள், பேத்தி தர்சினி. அவளுக்கு ஆறு வயது. அவளை எனக்குக் கீழே அமுக்கிக்கொண்டு குப்புற விழுகிறேன்.

எழுந்தபோது சைக்கிள் கிடந்தது. மகன் இல்லை.

அந்த ஒரு நாளில் தர்சினி கற்றுக்கொண்டாள். சத்தம் கேட்டால் குனிய வேண்டும்.

மறு ஆண்டு படகில் வந்தோம். மூன்று பேர். பெரம்பலூருக்குப் பக்கத்தில் அகதி முகாம். பத்தடி அறை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் நில அளவையாளனாக வேலை பார்த்தவன். அளந்தேன். ஒன்பதே முக்கால்.

தெற்கே கல் குவாரி. மதியம் சங்கு ஊதும். பிறகு வெடி. மூன்று. சில நாள் நான்கு. எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. முதல் வெடிக்கே தர்சினி மேசைக்கு அடியில் இருப்பாள். பள்ளியில் பெஞ்சுக்கு அடியில். வகுப்பே சிரிக்கும்.

"ஏய் சிலோனு, வெளில வாடி! பாறையத்தான் ஒடைக்கிறாங்க, உன்னைய இல்ல!"

அவளும் சிரித்தாளாம். அப்போது சின்னப் பிள்ளை. சிரிக்க முடிந்தது.

2002. இலங்கையில் சண்டை நிற்கிறது. முகாம் முழுக்க வானொலி. பெட்டி கட்டுவது பற்றியே பேச்சு. அந்த ஆண்டுதான் எங்கள் அறையில் ஒருத்தி விழத் தொடங்கினாள். இந்த விழுகைக்குச் சத்தம் இல்லை. யாரும் தலை திருப்பவில்லை.

தர்சினிக்குப் பதின்மூன்று வயது. பெரியவளாகிவிட்டாள். உடை மாற்ற ஒரு மூலை இல்லை. நான் வெளியே போய் நிற்பேன். மழையிலும் நிற்பேன். தாய் அரியலூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனாள். விடிய முன் பஸ், இருட்டிய பின் பஸ். தர்சினிக்குத் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தியின் குடும்பம் ஊர் திரும்பியது. மற்றவள் வேறு பெஞ்சுக்கு மாறினாள். "படிச்சு என்னடி பண்ணப் போற? அகதிக்கு யாரு வேல குடுப்பா?" என்று வகுப்பில் கேட்டார்கள். முகாமிலும் அதையேதான் கேட்டார்கள்.

முதலில் சோறு குறைந்தது. பிறகு பேச்சு. பிறகு தலை சீவுவது நின்றது.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அப்பப்பா."

2003. தாய்க்கு வேலை இல்லாத ஒரு மதியம். சங்கு. வெடி. தகரக் கூரை அதிர்கிறது. தர்சினி வாசலில் செம்போடு நிற்கிறாள். குனியவில்லை. நான்கு வெடி. செம்பில் தண்ணீர் கூட ஆடவில்லை.

மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ளைக்குப் பயம் தெளிஞ்சிட்டுது மாமா!" அன்றே முகாம் பிள்ளையாருக்குப் பொங்கினாள். பக்கத்து அறைக்காரி பொங்கலை வாங்கிக்கொண்டே சொன்னாள். "இனி உவளைப் பிடிக்கேலாது!" எல்லோரும் சிரித்தோம். எட்டு வருடம் காத்திருந்த நாள் அது. அப்படித்தான் நினைத்தோம்.

சில வாரம் கழித்து அறிவியல் டீச்சர் மொபெட்டில் வந்தார். பெரம்பலூர்க்காரர். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து லேப்ல ஒரு குடுவை வெடிச்சுப்போச்சு. எல்லாப் புள்ளைங்களும் ஓடுச்சுங்க. இவ மட்டும் அப்படியே நிக்கிறா. ஏன்டி நவுரலன்னு கேட்டா, 'பட்டாப் படட்டும் டீச்சர்'ங்கிறா."

"அவளுக்கு இப்ப பயமில்லை டீச்சர்," என்றாள் மருமகள். அந்தக் குரலில் இன்னும் பெருமை இருந்தது.

"பயம் போகலைங்கக்கா. தன்னைக் காப்பாத்திக்கணும்னே அவளுக்குத் தோணல."

தர்சினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

டீச்சரே திருச்சிக்கு அழைத்துப் போனார். மனநல மருத்துவர் அவளோடு தனியாகப் பேசினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். இது நோய், குணப்படுத்தலாம், நேரம் எடுக்கும், தனியே விடாதீர்கள் என்றார். மருமகள் கட்டட வேலையை விட்டாள். மாத்திரை. மறுபடி பஸ். மறுபடி மாத்திரை. முகாமில் எங்கள் அறையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். எங்களிடம் வந்து பேசுவோர் குறைந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. அவள் எழுதவில்லை. டீச்சர் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

2005. ஒரு மதியம். நான் பாயில் கண்ணை மூடிக் கிடக்கிறேன். சங்கு. முதல் வெடி. எங்கோ செம்பு உருளும் சத்தம்.

"அப்பப்பா! குனியுங்கோ!"

மேசைக்கு அடியில் தர்சினி. இரு கையாலும் தலையை மூடியிருக்கிறாள். உடம்பு நடுங்குகிறது. ஒரு கையை எடுத்து என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். நான் தவழ்ந்து போனேன். முழங்கால் இரண்டும் நொந்தன. அவள் நடுங்க நடுங்க நான் சிரித்தேன், அழுதேன். என்ன செய்தேன் என்று சரியாகத் தெரியாது.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். இழந்தவை. மகன் ஒருவன். வீடு ஒன்று. சைக்கிள் ஒன்று. தர்சினியின் தோழிகள் இருவர். அவளுடைய படிப்பில் ஓர் ஆண்டு. பதின்மூன்று வயது முதல் பதினாறு வரை அவளுக்கு வந்திருக்க வேண்டிய சிரிப்பு. அதை மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

அந்த மதியம் வெடி மூன்று. மேசைக்கு அடியில் இரண்டு பேர். இரண்டு தலையும் குனிந்திருந்தன.