முதல் வரியில் என் பெயர்

கிட்ட வந்து உட்காருங்கள் இன்ஸ்பெக்டரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நொண்டி. இதில் உட்காருங்கள், மின்விசிறிக் காற்று நேராக வரும். உமையாள் என்று உங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் ரசனை உள்ளவர்கள். நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் வெயிலில் வந்திருக்கிறீர்கள், டீ சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ஒரு கதையாகவே சொல்கிறேன், கேளுங்கள். உங்களைப் போலப் பொறுமையாகக் கேட்கிறவர்கள் இந்தத் தங்கச்சிமடத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

வாசலில் நிற்கிறவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். “பாவம், வயசான மனுசி. கம்ப்யூட்டர்ல வெளையாண்டுக்கிட்டே இருந்துச்சு, காத்துச் சேதிய மருமகன்ட்ட சொல்ல மறந்துபோச்சு.” என் மகள் அருள்மேரியும் கண்ணீரோடு அதையேதான் சொல்லியிருப்பாள். யேசுதாஸ் அவள் புருஷன். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெற்ற தாயை அவள் மன்னித்தும்விட்டாள். நீங்களும் ‘மறதி’ என்று எழுதி மூடிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்திருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். எனக்கு மறதி கிடையாது.

இந்தக் கடை முதலில் டெலிபோன் பூத்தாக இருந்தது. என் வீட்டுக்காரர் போனபிறகு கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டினேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். இங்கே வருகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். ராமேஸ்வரத்துக்கு வந்த வடநாட்டு யாத்ரீகர்கள், பாவத்தை எல்லாம் தீர்த்தத்தில் கழுவிவிட்டு, ஈரத் துணியோடு வந்து ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் துப்பாக்கியை நீட்டிச் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த விளையாட்டுக்கு மூளை தேவையில்லை, விரல் இருந்தால் போதும்.

என்னுடையது அப்படிப்பட்டதல்ல. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மெஷின் இருக்கிறதே, அதில் ஒரு ராஜ்ஜியம். காட்டைத் திருத்தி ஊர் கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், எதிரியின் ஊர்களைப் பிடிக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் மாதிரி நான் ஒரு முறை நகர்த்தினால் அடுத்தது எதிராளியின் முறை. அவசரமே இல்லை. முடிவில் மெஷினே கணக்குப் போட்டு மதிப்பெண் தரும், பெரிய மதிப்பெண் எடுத்தவர்கள் பெயரை வரிசையாகக் காட்டும். முதல் வரியில் என் பெயர், யாகப்பம்மாள். மண்டபத்திலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் காலேஜ் பையன்கள் பஸ் ஏறி வந்து முயன்றார்கள். ஒருவனும் என் பாதியைத் தொடவில்லை.

அவர்களுக்கு விளங்காத சங்கதி ஒன்று உண்டு. குறைந்த முறைகளில் முடித்தால்தான் மதிப்பெண் ஏறும். இரக்கம் வந்தால் முறை வீணாகும். நம் ஊர் ஒன்று பற்றி எரிகிறதா, எரியட்டும் என்று விட்டுவிட்டு எதிரியின் தலைநகரத்தைப் பார்த்துப் போக வேண்டும். இந்தப் பையன்கள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எரிகிற ஊருக்கு ஓடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவர், வள்ளத்தில், அதுதான் நாட்டுப்படகில், வலை இழுக்கிறவர். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்ததற்கு வெட்கப்படவும் இல்லை. எங்கள் பக்கத்தில் விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் வள்ளம் போகாது. வள்ளம் போகும் நாளில் விசைப்படகு போகாது. கடலிலேயே முறை வைத்துத்தான் பிழைப்பு. முறை இல்லாத நாளில் மாப்பிள்ளை கடையில் வந்து நிற்பார். நிற்பார் என்றுதான் சொல்கிறேன், மாமியார் முன்னால் அவர் உட்கார மாட்டார். அவர் உள்ளே வந்தால் நானும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். முகத்துக்கு முகம் பேசுவதும் கிடையாது. அந்த மரியாதையில் எங்கள் இருவருக்கும் குறை வந்ததே இல்லை.

திரைச்சீலை ஓரமாக நின்று பார்த்தே விளையாட்டைக் கற்றுக்கொண்டாராம். ஒருநாள் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், என் ராஜ்ஜியத்துக்கு எதிரே புதிதாக ஒரு ராஜா கொட்டகை போட்டிருக்கிறார். சரி, இருக்கட்டும் என்று விட்டேன். அன்றிலிருந்து நான் எழுந்துபோனால் அவர் உட்கார்ந்து தன் முறையை ஆடுவார். அவர் போனபிறகு நான் என் முறையை ஆடுவேன். பேச்சுவார்த்தை எல்லாம் அருள்மேரி வழியாகத்தான்.

“ஏம்மா, அவுக கேக்குறாக, மாமி கோட்டைக்குக் கதவு வச்சிருக்காகளா, இல்ல பனவோலத் தட்டிதானான்னு.”

“கதவுதான். தெறக்க அவுகளுக்குத்தான் கை பத்தாதுன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். சிரிக்கிறாக.”

“சிரிக்கட்டும், பல்லு இருக்கறமட்டும்.”

அவர் கட்டிய ஊர் ஒன்றுக்கு ‘மாமியூர்’ என்று பெயர் வைத்தார். அதைச் சுற்றி இரட்டை மதில் வேறு எழுப்பினார். கேலி செய்கிறார் என்று எனக்குத் தெரியும். மரியாதை என்றாள் மகள். அவளுக்கு எல்லாமே மரியாதைதான்.

விதி ஒன்றும் அவரே போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் ஆட வேண்டியவர் ஆடாவிட்டால், அவர் முறை போயிற்று. மற்றவர் அதைத் தாண்டி ஆடிக்கொள்ளலாம். ஒழுங்கான விதிதான். நானும் ஒப்புக்கொண்டேன்.

இனி உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை நன்றாக ஆடினார். எனக்கே தெரியாமல் என் இரண்டு துறைமுகங்களைச் சுற்றி வளைத்துவிட்டார். இன்னும் நாலைந்து முறை ஆடினால் ஆட்டம் அவருடையது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தேன். என் பழைய மதிப்பெண்ணுக்கு மேலே போய்விடும். எட்டாவது படித்த, வாயைத் திறந்தால் வெற்றிலை வழிகிற மனிதர், முதல் வரியில். அதையும்கூட நான் தாங்கியிருப்பேன். தோற்பது எனக்குப் புதிதல்ல, முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் என் முறைக்கு உட்கார்ந்தேன். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. எதிர் ராஜா சரணடைகிறாராம், எல்லா ஊரையும் எனக்கே தருகிறாராம். கீழே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தார்: ‘மாமி, நீங்களே ஜெயிச்சுக்கோங்க.’

எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். உள்ளே மகளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாவம்டி ஒங்கம்மா. அவுகளுக்கு வேற என்ன இருக்கு? நான் கையத் தூக்கிட்டேன். மேல அவுக பேரே இருந்துட்டுப் போவட்டும்.”

“அதுட்ட சொல்லிராதீக. ரோசக்காரி.”

“நான் எங்கிட்டு அவுககிட்டப் பேசுறேன்? காத்தக் கேக்கறதோட சரி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சிரிப்பார்களே, அந்த மாதிரி. நான் திரும்பி வந்து, சரணடைவதை ஏற்கவில்லை என்ற பொத்தானை அமுக்கினேன். என் முறையை ஒழுங்காக ஆடினேன். அடுத்தது அவர் முறை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும் அம்மா. பிச்சையாக வந்ததை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

காற்றைக் கேட்பது என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறை ஆபீசில் டோக்கன் வாங்க வேண்டும். காற்று கெட்டுப்போனால் டோக்கன் கொடுக்கமாட்டார்கள், படகு தானாக நின்றுவிடும். வள்ளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அங்கே வலைக்கடை வைத்திருக்கும் வாவு முகம்மது எனக்குப் போன் போடுவார். வள்ளக்காரர்கள் இறங்குவதற்கு முன்னால் என் கடைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். செல்போன் இப்போதுதான் ஓரிருவர் கையில் வருகிறது. பூத் வைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். நான் ‘நல்லாருக்கு’ என்றால் கடல், ‘வேணாம்’ என்றால் வீடு. வானத்தை நிமிர்ந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்கள், அவ்வளவு சோம்பேறிகள். மாப்பிள்ளை என்னிடம் நேராகக் கேட்ட கேள்வியும் அது ஒன்றுதான். நான் அவருக்கு நேராகச் சொன்ன பதிலும் அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் வள்ளத்தின் முறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது.

“அக்கா, கூண்டு ஏத்திட்டாக. பொழுது சாயறதுக்குள்ள வாடை பேயா அடிக்குமாம். ஒருத்தரும் எறங்க வேணாம்னு சொல்லிருங்க.”

“சொல்லிர்றேன் தம்பி. வீட்ல ரம்ஜான் பீவி சொகமா?”

“அல்லா காவல்ல நல்லாருக்கா அக்கா.”

வாவு முகம்மது உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. லைன் தெளிவாக இருந்தது, நேரமும் சரி.

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வானம் பளிச்சென்று இருந்தது. முதலில் வந்தவர் மாப்பிள்ளை. பின்னால் சவேரியார், அவருடைய வள்ளத்தில் கூடப் போகிற பெரியவர், தோளில் வலையும் கையில் தண்ணீர்க் கேனுமாக நின்றார். மாப்பிள்ளை எப்போதும்போலப் படிக்குக் கீழே நின்று, தலையைக் குனிந்து கேட்டார்.

“மாமி, காத்து எப்படி?”

“நல்லாருக்கு மாப்பிள்ளை. போயிட்டு வாங்க.”

வழக்கமாக ஒரு வார்த்தைதான் சொல்வேன். அன்றைக்குக் கூடுதலாகச் சொன்னதில் அவருக்குச் சந்தோஷம். தலை நிமிராமலே சிரித்தார். முந்தின நாள் காட்டிய இரக்கம் பலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

“தங்கச்சி, ஒனக்கு என்ன மீனு வேணும்?” என்று சவேரியார் கேட்டார்.

“எது பட்டாலும் சரிண்ணே.”

வள்ளம் கண்ணுக்கு மறைந்தபிறகு மற்றவர்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். “கூண்டு ஏத்திட்டாக, யாரும் எறங்காதீக.” ஒரு வள்ளம்கூடப் போகவில்லை. அவர்களுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லையே. ஊரார் உயிரோடு விளையாடுகிறவள் இல்லை நான். இதை வைத்துத்தான் இவர்கள் ஒரு கதை கட்டினார்கள். கிழவி ஆட்டத்து மும்முரத்தில் மறந்துவிட்டாளாம், மற்றவர்களைப் பார்த்ததும் ஞாபகம் வந்ததாம். அவர்கள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

சவேரியாரைப் பற்றிக் கேட்டால், அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஊரைப் பிடிக்கும்போது பக்கத்து வயல் மிதிபடும், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், அவருக்கு ஆயுசு கெட்டி. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தவரை அலை கரையில் போட்டது. “தங்கச்சி நல்லாருக்குன்னு சொல்லுச்சே” என்றுதான் முதலில் சொன்னாராம். குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னார். மாப்பிள்ளையைக் கடல் திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவருக்காகப் பூசை. நானும் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அருள்மேரிக்கு ஏழாம் மாதம், முட்டி போட முடியவில்லை, நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். பூசை முடிந்து வீட்டில் ஊரே கூடி அழுதுகொண்டிருந்தது. நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் மெஷினைப் போட்டேன். அவர் முறை அப்படியே நின்றது. விதி அவர் போட்டது. தாண்டும் பொத்தானை அமுக்கினேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் சுலபம். ஆள் இல்லாத ராஜ்ஜியம், ஒவ்வொரு ஊராக விழுந்தது. மாமியூர் மட்டும் இழுத்தடித்தது. தன் தலைநகரத்துக்கு வைத்ததைவிட அதற்குத்தான் அதிகக் காவல் வைத்திருந்தார், பைத்தியக்கார மனிதர். கடைசியில் அதுவும் விழுந்தது. வந்த மதிப்பெண் என் பழைய மதிப்பெண்ணைப்போல ஒன்றரைப் பங்கு. இந்தத் தீவில் அப்படி ஒன்றை இனி யாரும் எடுக்கப்போவதில்லை.

டீ வந்துவிட்டது, ஆறுவதற்குள் குடியுங்கள். இப்போது எழுதிக்கொள்ளுங்கள். சேதி வந்தது யாகப்பம்மாளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ‘நல்லாருக்கு’ என்று சொன்னாள். கொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆட்டத்தில் அவருக்கு ஒரு முறை தவற வேண்டும் என்றுதான் சொன்னாள். மேற்கொண்டு செய்தது காற்று. ‘மறதி’ என்ற சொல் அதில் எங்கும் வரக்கூடாது, ‘வயதானவர்’ என்பதும் வேண்டாம். அந்த மெஷினைச் சாட்சியத்துக்கு எடுத்துப் போவீர்கள் என்றால், ஸ்டேஷனில் யாரும் நோண்டி அழித்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்மையாக எடுத்த மதிப்பெண் அது. பிறக்கப்போகிற பிள்ளை கொஞ்சம் விவரம் தெரிந்ததும் அதைப் பார்க்கட்டும், பாட்டி யாரிடமும் கை ஏந்தி ஜெயிக்கவில்லை என்று.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் தாயி. உங்கள் பிள்ளைகள் எடுத்த காரியத்தில் எல்லாம் முதலாக வரட்டும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற மருமகன், மருமகள் யாரும் உங்களைப் பார்த்துப் பாவம் என்று சொல்லாமல் இருக்கட்டும். வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.